ஏழாவது வில் உறுதி, பாதை உறுதியில்லை: எம்எச்370 விமானத்தின் தடம் குறித்த நிகழ்வு ஆய்வு

2014 மார்ச் 8, சனிக்கிழமை, மலேசிய நேரம் காலை 8:19. கிருஷ்ணகிரியில் அப்போது 5:49 மணி. பொழுது இன்னும் புலரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நிலைகொண்டிருந்த இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோளிடம், கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்டு ஏழரை மணி நேரத்துக்கும் மேலாகியிருந்த ஒரு விமானம், தன்னை மீண்டும் இணைத்துக்கொள்ளும்படி கேட்டது. அதற்குப் பிறகு அந்த விமானத்திடமிருந்து எந்தச் சமிக்ஞையும் வரவில்லை. அதில் 227 பயணிகளும் 12 பணியாளர்களும் இருந்தனர். பயணிகளில் ஐந்து பேர் இந்தியர்கள். சென்னையில் வாழ்ந்து மீனவர் நலனுக்காக உழைத்த ஒரு பெண்மணி அவர்களில் ஒருவர்.

அந்த விமானம் கடைசி ஆறு மணி நேரம் எந்த வழியாகச் சென்றது என்பதைக் காட்டும் வரைபடங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். சுமத்ராவின் வடமுனையைச் சுற்றித் திரும்பி, நேர்கோடாகத் தெற்கே இறங்கி, ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே கடலில் முடியும் ஒரு கோடு அது. அந்தக் கோட்டில் எந்தப் பகுதி அளந்து அறியப்பட்டது, எந்தப் பகுதி ஊகித்து நிரப்பப்பட்டது என்பதைப் பிரித்துக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். கோடு ஒரே தடிமனில், ஒரே நிறத்தில் வரையப்பட்டிருப்பதால், இரண்டும் ஒரே அளவுக்கு உறுதியானவை என்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது. அந்தத் தோற்றம் தேடலையே பாதித்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

நான் விமானத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். கிருஷ்ணகிரியில், சென்னைச் சாலையும் சேலம் சாலையும் பெங்களூருச் சாலையும் கூடும் இடத்துக்கு அருகில், லாரிகள் எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்பதைத் திரையில் பார்த்துச் சொல்லும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். காணாமற்போன ஒரு வண்டியின் வழியைச் சில துண்டுத் தகவல்களிலிருந்து ஊகித்து வரைவது எவ்வளவு எளிது, அதில் தவறுவது எவ்வளவு எளிது என்பதை இந்த வேலைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 2014ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இன்மார்சாட் பதிவுகள் பொதுவெளிக்கு வந்தபோது அவற்றை எண் எண்ணாகப் படிக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்

விமானம் நள்ளிரவு 12:42க்குப் புறப்பட்டது. 1:07க்கு அதன் கணினி தானாக அனுப்பிய அறிக்கையின்படி, தொட்டிகளில் சுமார் 43,800 கிலோ எரிபொருள் இருந்தது. 1:19க்கு விமானி அறையிலிருந்து 'குட்நைட் மலேசியன் த்ரீ செவன் ஜீரோ' என்ற விடைபெறும் சொற்கள் கேட்டன. இரண்டு நிமிடங்களுக்குள், இகாரி என்ற வழிப்புள்ளியைக் கடந்த உடனே, விமானத்தின் அடையாளத்தைத் தரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் குறி திரையிலிருந்து மறைந்தது. மலேசியாவின் வான்பரப்பு முடிந்து வியட்நாமின் வான்பரப்பு தொடங்கும் இடம் அது.

அதன்பின் விமானம் திரும்பி மலேசியத் தீபகற்பத்தின் குறுக்கே மேற்கு நோக்கி வந்தது என்பதை இராணுவ ரேடார் காட்டியது. பினாங்குத் தீவின் அருகே அது வந்தபோது, துணை விமானியின் கைப்பேசி ஒரு கோபுரத்தோடு நொடிநேரம் தொடர்புகொண்டதாகவும் பதிவு இருக்கிறது. பிறகு மலாக்கா நீரிணையின் மேல் வடமேற்காகச் சென்ற விமானம் கடைசியாக 2:22க்கு ரேடாரில் தெரிந்தது. இதுவரை நமக்குக் கிடைப்பவை இடங்கள்: இந்த நேரத்தில் விமானம் இங்கே இருந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். ரேடார் பதிவின் மூல எண்கள் முழுமையாக வெளியிடப்படாதது பெரிய குறைதான் என்றாலும், திரும்பியது என்ற செய்தியை நான் ஐயப்படவில்லை.

2:22க்குப் பிறகு நம்மிடம் இருப்பவை இடங்கள் அல்ல, தூரங்கள் மட்டுமே.

வில் எப்படிப் பிறந்தது

1:07க்கும் 2:03க்கும் இடையில் எப்போதோ விமானத்தின் செயற்கைக்கோள் இணைப்பு அறுந்துபோயிருந்தது. 2:25க்கு அந்த இணைப்பு தானாக மீண்டது. மீள வேண்டுமானால் அந்தக் கருவிக்குத் துண்டிக்கப்பட்ட மின்சாரம் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். இந்த ஒரு செய்தியைப் பின்னால் மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

இணைப்பு மீண்டபின், ஒரு மணி நேரமாக விமானத்திடமிருந்து பேச்சே இல்லை என்றால், பெர்த் நகரத் தரைநிலையம் 'இருக்கிறாயா' என்று கேட்கும். விமானத்தின் கருவி 'இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். இதைத்தான் கைகுலுக்கல் என்கிறார்கள். 3:41, 4:41, 5:41, 6:41, 8:11 ஆகிய நேரங்களில் இந்தப் பரிமாற்றம் நடந்தது. இடையில் 2:39க்கும் 7:13க்கும் விமான நிறுவனம் தரையிலிருந்து தொலைபேசியில் அழைத்தது. மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்கப்படாத அந்த அழைப்புகளும் தடயமாயின. 8:19க்கு வந்தது வழக்கமான கைகுலுக்கல் அல்ல. கருவி மின்சாரத்தை இழந்து மீண்டும் பெற்றதால் விமானமே அனுப்பிய வேண்டுகோள் அது. எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றபின், துணை மின்னாக்கி தானாக இயங்கியதால் அது நேர்ந்தது என்ற விளக்கம் கணக்கோடு பொருந்துகிறது.

ஒவ்வொரு பரிமாற்றத்திலும் இரண்டு எண்கள் பதிவாயின. முதலாவது, சமிக்ஞை போய்த் திரும்ப எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம், மைக்ரோநொடிகளில். 3:41க்கு 11,500, 4:41க்கு 11,740, 5:41க்கு 12,780, 6:41க்கு 14,540, 8:11க்கு 18,040, 8:19க்கு 18,400. ஒளியின் வேகம் தெரியும், செயற்கைக்கோளின் இடம் தெரியும். ஆகவே அந்த நேரத்தில் விமானம் செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. பூமியின் மேல் அந்தத் தொலைவை வரைந்தால் கிடைப்பது ஒரு வட்டம். அதில் விமானம் எட்டக்கூடிய பகுதியைத்தான் வில் என்கிறோம். 2:25க்குரியதையும் சேர்த்து எண்ணினால், இப்படி வரைந்தவற்றில் கடைசியானது ஏழாவது வில். அந்த வில்லின் இடத்தில் பிழை சுமார் 10 கிலோமீட்டருக்குள் அடங்கும். இதே விமானத்தின் முந்தைய பயணங்களில் வைத்து இந்த முறையைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஏழாவது வில் எனக்குக் கல்வெட்டுப் போன்றது.

இரண்டாவது எண் அலைவரிசையில் ஏற்பட்ட விலகல், ஹெர்ட்ஸ் அளவில். அது சற்று நுட்பமானது. விமானத்தின் கருவி தன் வேகத்தால் உண்டாகும் அலைவரிசை மாற்றத்தைத் தானே திருத்தி அனுப்பும். ஆனால் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டின் மேல் அசையாமல் இருக்கிறது என்று நம்பித்தான் அது திருத்துகிறது. உண்மையில் அந்தச் செயற்கைக்கோள் வயதாகி, நாளுக்கு ஒரு முறை வடக்கும் தெற்குமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் விட்டுச்சென்ற சிறு மிச்சம்தான் விமானம் வடக்கே போகவில்லை, தெற்கே போனது என்று காட்டிக்கொடுத்தது. யாரும் இதற்கென்று திட்டமிடாத ஒரு குறைபாட்டிலிருந்து 239 பேரின் திசையைப் பிரித்தெடுத்த பொறியாளர்களின் உழைப்பை வணங்காமல் இருக்க முடியாது.

ஆனால் இந்த இரண்டாவது எண் திசையைச் சொல்லுமே தவிர, இடத்தைச் சொல்லாது. சில ஹெர்ட்ஸ் பிழை அதில் இயல்பாகவே உண்டு. கருவி மின்சாரம் இழந்து மீண்டபின் அந்தப் பிழை எப்படி நகர்ந்திருக்கும் என்பதும் முழுமையாக அறியக்கூடியது அல்ல.

தொப்பூரில் ஒரு வட்டம்

தூரம் மட்டும் தெரிந்து இடம் தெரியாமல் இருப்பது எப்படிப்பட்டது என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மாம்பழக்கூழ் பீப்பாய்கள் ஏற்றிய ஒரு லாரி கிருஷ்ணகிரியிலிருந்து கொச்சித் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. தருமபுரியைத் தாண்டியதும் வண்டியிலிருந்த ஜிபிஎஸ் பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது. ஒயர் தளர்ந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஓட்டுநரை அழைத்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் கைப்பேசியும் அணைந்துபோனது. நள்ளிரவு தாண்டி, காவல் நிலையம் வழியாகக் கிடைத்த தகவல் இவ்வளவுதான்: கடைசி மணி அடித்தபோது கைப்பேசி தொப்பூர்ப் பக்கத்துக் கோபுரம் ஒன்றிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

அலுவலகச் சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றி மேசையில் விரித்து, நூலைக் கட்டி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். வட்டம் தேசிய நெடுஞ்சாலையை இரண்டு இடங்களில் வெட்டியது: ஒன்று கணவாய் இறக்கத்துக்கு முன், மற்றொன்று இறங்கி முடிந்தபின். கொச்சி போகும் வண்டி சேலம் வழியாகத்தானே போகும்? அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்கக்கூட இல்லை. தொப்பூர் இறக்கம் எத்தனை உயிர்களைக் கொண்டுபோன இடம் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனவே மனம் உடனே பள்ளத்துக்குத் தாவியது. விடியும்வரை இரண்டு ஜீப்புகளில் ஆட்கள் கணவாயின் ஓரங்களையெல்லாம் டார்ச் அடித்துத் தேடினார்கள். எதுவும் இல்லை.

காலையில் வயதான ஓட்டுநர் ஒருவர் வந்து வரைபடத்தைப் பார்த்தார். "ஏம்ப்பா, மேட்டூர் ரோட்டப் பாத்தீங்களா? பவானி வழியா போனா சேலமே வேணாமே" என்றார். வட்டம் அந்தச் சாலையையும் வெட்டியிருந்தது. என் கண்ணில் படவில்லை. வண்டி மேட்டூர்ச் சாலையில், வட்டக்கோட்டுக்குச் சில நூறு மீட்டரில், புளியமரத்தடியில் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. கடுங்காய்ச்சலில் ஓட்டுநர் இருக்கையிலேயே சுருண்டு கிடந்தார். பிழைத்துக்கொண்டார்.

வட்டத்தில் பிழை இல்லை. எங்கள் பிழை அவர் எந்த வழியாக வந்திருப்பார் என்று நாங்களே எழுதிக்கொண்டதில் இருந்தது. அதைவிடப் பெரிய பிழை, கணவாயில் தேடி எதுவும் கிடைக்காதபோதும் வழியை மறுபரிசீலிக்காமல், இன்னும் கீழே இறங்கித் தேடும்படி ஆட்களை அனுப்பியது. அதைச் செய்தவன் நான்தான்.

எழுபத்தொன்பது நிமிடங்கள்

இப்போது விமானத்துக்கு வருகிறேன். 2:22க்கு ரேடார் காட்டிய புள்ளிக்கும் 3:41க்குரிய வில்லுக்கும் இடையில் 79 நிமிடங்கள். இந்த இடைவெளிக்குள் எங்கோதான் விமானம் வடமேற்குத் திசையை விட்டுத் தெற்கே திரும்பியது. பாதையின் மீதிப் பகுதி முழுவதும் அந்தத் திருப்பத்தில் தொங்குகிறது. மணிக்கு 890 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் கடக்கும். திருப்பம் கால் மணி நேரம் தள்ளிப்போனால், தெற்குப் பயணம் தொடங்கும் இடம் 220 கிலோமீட்டர் வடமேற்கே நகர்ந்துவிடும்.

2:39க்கு வந்த தொலைபேசி அழைப்பின் அலைவரிசை விலகலை வைத்து, அதற்குள் விமானம் தெற்கே திரும்பிவிட்டது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். முந்தைய பதிவுகளில் 140ஐ ஒட்டியிருந்த எண் அந்த அழைப்பில் 90 அளவுக்குக் குறைந்திருந்தது உண்மை. ஆனால் இந்த எண் கிடைமட்ட வேகத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதல்ல. விமானம் கீழே இறங்கிக்கொண்டிருந்தாலும் இதே போல் குறையும். சம உயரத்தில் தெற்கே பறக்கும் விமானமும், வடமேற்கே போய்க்கொண்டே உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்த விமானமும், அந்த ஒரு நிமிடத்தில் ஒரே எண்ணைக் கொடுக்க முடியும். இந்த இரண்டாவது வாய்ப்பைச் சுயேச்சையாக ஆராய்ந்த சில பொறியாளர்கள் முன்பே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். புதிதாக நான் கண்டுபிடித்தது அல்ல. இரண்டாவது வாய்ப்பு உண்மையானால் திருப்பம் 2:39க்குப் பிந்தையது. பாதையின் முடிவும் ஏழாவது வில்லில் இன்னும் வடக்கே ஏறிவிடும்.

அடுத்த ஊகம், திரும்பியபின் யாரும் விமானத்தைத் தொடவில்லை என்பது. தெற்குப் பயணம் முழுவதும் ஒரே திசை, ஒரே உயரம், தானியங்கி ஓட்டுமுறை என்று கொண்டால்தான் நேர்கோடு கிடைக்கும். ஆஸ்திரேலியப் பாதுகாப்பு அறிவியல் துறையின் நிபுணர்கள் செய்த நிகழ்தகவுக் கணக்கு மிகவும் கண்ணியமானது. விமானங்கள் வழக்கமாக எவ்வளவுக்கு ஒரு முறை திசையும் வேகமும் மாற்றுகின்றன என்பதைத் தொடக்கமாக வைத்து, இலட்சக்கணக்கான பாதைகளைக் கணினியில் ஓட்டி, பதிவான எண்களோடு பொருந்துபவற்றை மட்டும் எடுத்தார்கள். விடை தென் அட்சம் 38 பாகையை ஒட்டிக் குவிந்தது. ஆனால் வழக்கமான பயணங்களிலிருந்து எடுத்த பழக்கத்தை இந்தப் பயணத்துக்குப் பொருத்தலாமா? இணைப்பு அறுந்ததும், வான்பரப்புகளின் எல்லையில் மறைந்ததும், 2:25க்கு மின்சாரம் திரும்பியதும் வழக்கமானவை அல்ல. 2:25 வரை வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்ட ஒரு விமானம் 2:40 முதல் வழக்கப்படி பறந்தது என்று கொள்வதற்குத் தனிச் சான்று வேண்டும். அந்தச் சான்று நம்மிடம் இல்லை. என் முதன்மையான மறுப்பு இதுதான்.

வேகமும் இப்படித்தான். அதே வில்களை வேகமாகக் கடந்தால் முடிவு தெற்கே அமையும். மெதுவாகக் கடந்தால் பாதை வளைந்து வடகிழக்கே முடியும். 43,800 கிலோ எரிபொருள் 8:17 வாக்கில் தீர வேண்டும் என்ற நிபந்தனை இதை ஓரளவு கட்டுப்படுத்துகிறது. ஆயினும் உயரத்தையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால், ஒன்றுக்கு மேற்பட்ட சேர்க்கைகள் அந்த நிபந்தனையை நிறைவேற்றுகின்றன.

கடல் சொன்னது

2015 ஜூலை 29 அன்று, விமானம் மறைந்து 508 நாட்களுக்குப் பிறகு, ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் ரியூனியன் தீவின் கரையில், இறக்கையின் பின்விளிம்பில் பொருத்தப்படும் ஃப்ளாப்பரான் என்ற பாகம் ஒதுங்கியது. அதன் மேல் பார்னக்கிள் எனப்படும், நண்டு இனத்தோடு உறவுடைய சிறு ஓட்டுயிரிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. பிறகு தான்சானியாவின் பெம்பா தீவிலும் மொசாம்பிக், மடகாஸ்கர், மொரிஷியஸ் கரைகளிலும் மேலும் பாகங்கள் கிடைத்தன. ஆஸ்திரேலியக் கரையில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்களோடு பேசியவர்களுக்கு ஒன்று தெரியும்: வெள்ளத்தில் போன பொருள் எல்லாமே ஒரே இடத்தில் கரை ஒதுங்குவதில்லை. நீரில் முக்கால் பங்கு அமிழ்ந்த கிளை நீரோட்டத்தின் பேச்சைக் கேட்கும். மேலே துருத்திக்கொண்டு மிதக்கும் காலி கேன் காற்றின் பேச்சைக் கேட்கும். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தினர் கடலில் செய்ததும் அடிப்படையில் இந்தச் சோதனைதான். முதலில் செய்த மாதிரிகள் போதாது என்று உணர்ந்து, உண்மையான போயிங் 777 ஃப்ளாப்பரான் ஒன்றைக் கிடைத்த பாகத்தின் வடிவுக்கே வெட்டி, 2017இல் கடலில் மிதக்கவிட்டார்கள். அது அந்த மாதிரிகளை விட வேகமாகவும், காற்றின் திசைக்குச் சற்று இடப்பக்கமாகவும் நகர்ந்தது. இந்த அளவீட்டைச் சேர்த்தபோது, ரியூனியனுக்கு அந்த நேரத்தில் வந்து சேர்ந்ததும் ஆஸ்திரேலியக் கரை வெறுமையாக இருந்ததும் தென் அட்சம் 35 பாகையை ஒட்டிய பகுதியோடு நன்கு பொருந்தின. முதல் தேடலின் பெரும்பகுதி நடந்த இடத்தை விட அது வடக்கே. தொப்பூரில் எங்களுக்கு அந்த வயதான ஓட்டுநர் சொன்னதை, இங்கே ஒரு பாகத்தை வெட்டி மிதக்கவிட்டவர்கள் சொன்னார்கள்.

தேடல்களின் வரலாற்றையும் இங்கே நேர்மையாகப் பார்க்க வேண்டும். முதலில் தென்சீனக் கடல், பிறகு அந்தமான் கடல், பிறகு பெர்த் நகருக்குத் தென்மேற்கே வெகு தொலைவு, மார்ச் 28 அன்று அங்கிருந்து 1,100 கிலோமீட்டர் வடகிழக்கு என்று இடம் மாறிக்கொண்டே வந்தது. ஏப்ரலில் கருப்புப் பெட்டியின் ஒலி கேட்டதாகச் சொல்லி ஒரு பகுதியை அலசினார்கள். பெட்டி எழுப்பும் ஒலி 37.5 கிலோஹெர்ட்ஸ், கேட்டதோ 33 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. அந்த இடத்தையும் கைவிட்டார்கள். அதன்பின் நடந்த கடலடித் தேடல் 1,20,000 சதுர கிலோமீட்டரை அலசி, 2017 ஜனவரி 17 அன்று முடிந்தது. 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற தனியார் கடலடித் தேடல் நிறுவனம் தன் செலவிலேயே வடக்கே தென் அட்சம் 25 பாகை வரை சென்று, மேலும் ஒரு இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் தேடியது. விமானம் கிடைக்கவில்லை.

இவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்பதே ஒரு தரவு. தரவு என்ற முறையில் அது மூன்று வாய்ப்புகளைத்தான் விட்டுவைக்கிறது. வில்லின் மேலேயே இன்னும் போகாத ஒரு அட்சத்தில் விமானம் இருக்கலாம். தேடிய அட்சத்திலேயே, ஆனால் வில்லை விட்டு விலகி இருக்கலாம். அல்லது ஏற்கெனவே கடந்துபோன இடத்தில், செங்குத்துச் சரிவின் நிழலில் தென்படாமல் கிடக்கலாம்.

இரண்டாவதை எளிதில் ஒதுக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் கடைசி நிமிடம். 8:19க்குப் பதிவான இரண்டு அலைவரிசை எண்களுக்கும் இடையே எட்டு நொடிகள்தான். 182லிருந்து கழித்தல் 2க்கு எண் வீழ்ந்தது. விமானம் மிகுந்த வேகத்தில் கீழே பாய்ந்துகொண்டிருந்தது என்பதுதான் அதற்கான நேரடிப் பொருள். பெம்பாவில் கிடைத்த இறக்கைப் பாகத்தை ஆராய்ந்தவர்களும், கடலில் இறங்குவதற்காக அது விரிக்கப்பட்டிருக்கவில்லை, உள்ளிழுத்த நிலையில்தான் இருந்திருக்கும் என்றார்கள். இரண்டும் சேர்ந்து, விமானம் வில்லுக்கு அருகிலேயே விழுந்தது என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்தன. நானும் அதையே மிகுந்த வாய்ப்புள்ளதாகக் கருதுகிறேன். ஆனால் பாய்ந்த விமானத்தை யாரோ நிமிர்த்தியிருந்தால், அந்த உயரத்திலிருந்து இயந்திரம் இல்லாமலே மிதந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வரை போயிருக்க முடியும். அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. யாரும் விமானத்தைத் தொடவில்லை என்ற அதே ஊகம்தான் இந்த வாசலையும் மூடிவைத்திருக்கிறது என்கிறேன். ஒரே ஊகத்தைப் பாதையின் நடுவிலும் முடிவிலும் இரண்டு முறை பயன்படுத்திவிட்டு, இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதாக எண்ணிக்கொள்வது சரியான முறை அன்று.

ஏற்க முடியாத மறுப்புகள்

பாதையைக் கேள்வி கேட்கிறேன் என்பதற்காக, கேள்வி கேட்பவர்கள் எல்லோரோடும் நான் உடன்படுகிறேன் என்று பொருள் இல்லை. விமானம் வடக்கே மத்திய ஆசியாவுக்குப் போனது என்ற கருத்தை அலைவரிசை எண்களும் ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்கிய பாகங்களும் சேர்ந்து மறுக்கின்றன. அமெச்சூர் வானொலியாளர்களின் பலவீனமான சமிக்ஞைப் பதிவுகளிலிருந்து விமானத்தின் தடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும் கணக்கும் எனக்கு ஏற்புடையதல்ல. அந்தப் பதிவு முறையை உருவாக்கிய நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோசஃப் டெய்லரே, அதை வைத்து விமானங்களைத் தடம் காண முடியாது என்று சொல்லியிருக்கிறார். தவறான துல்லியம் அறியாமையை விடக் கெடுதலானது. நேர்கோட்டுப் பாதையிடம் நான் காணும் குறையும் அதேதான்.

ஊகத்தை மறுபரிசீலித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுவோர் 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447ஐப் பார்க்கலாம். அதன் கடைசி இடம் ஓரளவு துல்லியமாகத் தெரிந்திருந்தும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கவில்லை. கடைசி இடத்தை ஒட்டிய பகுதியில் கருப்புப் பெட்டியின் ஒலி கேட்கவில்லை என்பதால் அதை முதலில் விட்டுவிட்டார்கள். ஒலி எழுப்பும் கருவிகளே பழுதாகியிருந்தால் என்ன ஆகும் என்று பிறகு கேட்டு, நிகழ்தகவுகளை மீண்டும் கணக்கிட்டு, 2011 ஏப்ரலில் சில நாட்களிலேயே கண்டுபிடித்தார்கள். சிதைவுகள் கடைசியாக அறிந்த இடத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், முன்பே செவிகொடுத்துக் கடந்துபோன பரப்பில் கிடந்தன. அங்கே கைவிடப்பட்டது கணக்கு அல்ல, கணக்கின் அடியில் யாரும் பார்க்காமல் கிடந்த ஓர் ஊகம்.

மலேசிய அரசின் 2018 ஜூலை மாத அறிக்கை, விமானம் மறைந்ததற்கான காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்று முடிந்தது. 2025 மார்ச்சில், 15,000 சதுர கிலோமீட்டர் புதிய பரப்பில் தேடுவதற்கும், கிடைத்தால் மட்டும் 7 கோடி அமெரிக்க டாலர் தருவதற்கும் ஓஷன் இன்ஃபினிட்டியோடு ஒப்பந்தமாயிற்று. ஏப்ரலில் பருவம் சரியில்லை என்று பணி நின்றது. டிசம்பர் 30 முதல் மீண்டும் தொடங்கும் என்று அரசு அறிவித்தது.

இத்தகைய தேடலின் ஒவ்வொரு கட்டத்திலும் என் வேண்டுகோள் மூன்றுதான். முதலாவதாக, இராணுவ ரேடாரின் மூல எண்களை வெளியிட வேண்டும். 2:03க்கும் 2:22க்கும் இடையில் விமானம் என்ன வேகத்தில், என்ன உயரத்தில் இருந்தது என்பது தெரிந்தால், 2:39க்கு அது இறங்கிக்கொண்டிருந்ததா என்ற கேள்வி வெகுவாகச் சுருங்கும். அடுத்து, தேடிய பரப்பையும் தேடாத பரப்பையும் காட்டும் வரைபடங்களில், தெளிவாகப் பார்த்த இடத்தையும் மேலோட்டமாகக் கடந்த இடத்தையும் வேறு வேறு நிறத்தில் காட்ட வேண்டும். கடைசியாக, 2:39க்குப் பிந்தைய திருப்பத்தை வைத்துக் கணக்கிட்ட முடிவுப் பகுதியையும், முந்தைய திருப்பத்தை வைத்துக் கணக்கிட்ட முடிவுப் பகுதியையும் தனித்தனியே வெளியிட வேண்டும். இரண்டையும் குழைத்து ஒரே கோடாக்கிக் காட்டக் கூடாது. அப்படி வெளியிட்டால், 35 பாகையைச் சுற்றிக் கடல் காட்டிய பகுதி அந்த இரண்டில் எதோடு ஒத்துப்போகிறது என்பதை யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்த கப்பலை எங்கே அனுப்புவது என்பதை முடிவு செய்பவர்களும் பார்க்கலாம்.